பத்து மார்க்குக்கு ஒரு தப்பு

யோகா வாத்தியாருக்குக் கோபமே வராது என்று ஊரெல்லாம் ஒரு நினைப்பு இருக்கிறது. கோபம் வருவதற்கு முந்தியே அதிர்ச்சி வந்து வாயை அடைத்துவிடும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பாட்டு, தையல், ஓவியம், விளையாட்டு என்று பள்ளிக்கூடங்களில் பரீட்சை இல்லாத பாடம் எடுக்கிற சகோதர சகோதரிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். நம் பீரியடைக் கணக்கு வாத்தியார் சிரித்த முகத்தோடு பறித்துக்கொண்டு போகும் துக்கம் உங்களுக்கும் உண்டு.

நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தமிழ் வகுப்பும் உள்ள ஒரு பள்ளியில். எனக்குக் கொடுத்தது பத்தாம் வகுப்பு 'பி', முப்பத்தொரு பிள்ளைகள். என் குரல் சின்னது. தாத்தாவும் ஆச்சியும் முறை வைத்துக் கதை சொல்லி வளர்த்த பிள்ளை நான். சொல்கிறவர் குரலை இறக்கினால் கேட்கிறவர் நெருங்கி உட்காருவார் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. வகுப்பில் குரலை இறக்கினால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும் என்பதை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை.

போன வருஷம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை பிரசன்னா டீச்சர் கூப்பிட்டு, ஆசனம் சொல்லிக் கொடுத்தது போதும், பிள்ளைகளுக்கு நல்ல குணம் சொல்லிக் கொடுங்கள் என்றார். யோகத்தில் நியமம் என்று ஐந்து உண்டு: சுத்தம், இருப்பதில் நிறைவு, தவம், தன்னைத் தானே படிப்பது, பலனை மேலே இருப்பவரிடம் விடுவது. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க் என்று முடிவாயிற்று. வருஷக் கடைசியில் அந்த மார்க்கைப் பார்த்து டீச்சர் ஒவ்வொருவருக்கும் நடத்தைக் கடிதம் எழுதுவார். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு தாள். ஜெபாவுக்கு அப்படியில்லை. அவள் அப்பா ஞானராஜ் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். கட்டடம் முடிந்தால் குடும்பமும் இடம் மாறும். பத்தாவது முடிந்ததும் கொச்சிக்குப் போவதாக இருந்தார்கள், போனால் அவள் படிப்பு அதோடு சரி. வித்துரா பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் இடம் கிடைத்தால் மட்டும் அவள் தங்கிப் படிக்கலாம். அந்தப் பள்ளி கேட்பது இரண்டு: மார்க் லிஸ்ட், நடத்தைக் கடிதம். முதல் வகுப்பு முடிந்ததும் நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"சார், நடத்தைக்கு எந்தப் புஸ்தகம் படிக்கணும்?"

குப்பை போன வழி

சுத்தத்துக்கு ஒரு கதை சொன்னேன். ஒரு தெருவில் ஒருத்தி தன் வீட்டைப் பெருக்கி, குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுவாள். பக்கத்து வீட்டுக்காரி அதை அடுத்த வீட்டுக்குத் தள்ளுவாள். தெரு வட்டமான தெரு. சாயங்காலம் அந்தக் குப்பை முதல் வீட்டு வாசலுக்கே வந்து சேரும். அடுத்தவன் இடத்தில் தள்ளுவது சுத்தம் இல்லை என்பதுதான் கதையில் நான் வைத்த விஷயம். பிள்ளைகள் அதை எடுக்கவில்லை. எப்படித் தள்ளுவது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பத்து 'பி' பளபளவென்று இருந்தது. அங்கிருந்த குப்பை 'ஏ' வகுப்பு வாசலுக்குப் போய், அவர்கள் தள்ளி ஒன்பதாம் வகுப்புக்குப் போய், மாடிப்படியில் இறங்கி, பிரசன்னா டீச்சர் அறை வாசலில் மலையாகக் கிடந்தது. மேலே ஒரு உடைந்த துடைப்பம் வேறு. டீச்சர் குப்பையையும் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கடைசி பெஞ்சு விஷ்ணுதான், சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்தக்கடை வைத்திருப்பவரின் மகன், எனக்காகப் பரிந்து பேச முன்னால் வந்தான்.

"கதைப்படி இது இன்னும் சுத்தி நம்ம கிளாசுக்கே வரணும் சாரே, எச்.எம். ரூமில வந்து நின்னுபோச்சு."

போதும் என்ற மனசு

இருப்பதில் நிறைவு கொள்வது என்ற இரண்டாவது நியமத்தில் ஆபத்து எதுவும் இருக்காது என்றுதான் நினைத்தேன். கணக்குப் பரீட்சைத் தாள் கொடுத்த அன்று சசி சார் என்னைத் தேடி வந்தார். வகுப்பாசிரியரும் அவர்தான், கணக்கும் அவர்தான். ஐம்பதுக்கு நாலு வாங்கிய விஷ்ணு தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தானாம். இருபது வருஷ சர்வீசில் இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை என்று சசி சார் சொன்னார்.

அந்த வாரமே விஷ்ணுவின் அப்பா வந்தார். கையில் ஒரு பொட்டலம் ஏலக்காய். புது போன் கேட்டு ஆறு மாசமாக வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்த பையன், இருக்கிறது போதும் என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டானாம். எனக்கு உச்சி குளிர்ந்தது. பொட்டலத்தை வாங்குவதா வேண்டாமா என்று நான் கூச்சப்பட்டு நிற்கும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போனை விட்டான், சந்தோசம், இப்ப புஸ்தகத்தையும் தொடமாட்டேங்கான், இதுவரைக்கும் படிச்சதே போதுமாம் சார்."

அப்பா வந்த வேகம்

தவத்துக்கு, ஒரு வாரம் ஏதாவது ஒன்றை விட வேண்டும் என்று சொன்னேன். விஷ்ணு பாகற்காயை விட்டான். இரண்டு பேர் வீட்டுப்பாடத்தை விட்டார்கள். ஒருவன் குளிப்பதை விட்டு, முதல் நியமத்தை மூன்றாவது நியமத்தால் அடித்தான். ஜெபா என்ன விட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், பதில் வரவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் விட்டது பேச்சை. சசி சார் தலை நிமிராமல் பேர் கூப்பிடுகிறவர். 'பிரசன்ட்' என்று குரல் வராவிட்டால் ஆப்சென்ட்தான், அடுத்த நிமிஷம் வீட்டுக்கு மெசேஜ் போய்விடும். முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே மூன்று நாள் ஆப்சென்ட் ஆனாள் ஜெபா. மூன்றாம் நாள்தான் மெசேஜைப் பார்த்த ஞானராஜ் பேரூர்க்கடையில் சாரத்திலிருந்து இறங்கி, காலில் சிமெண்டோடு ஓடி வந்தார். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் தேடிவிட்டுத்தான் பள்ளிக்கு வந்தாராம். மகளைப் பெஞ்சில் பார்த்ததும் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். அப்போதும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இவ ஒண்ண ஏத்துக்கிட்டா எறக்கி வைக்க மாட்டா சார், பாத்து ஏத்திவிடுங்க."

எட்டு மார்க் குற்றம்

நான்காவது நியமம் தன்னைத் தானே படிப்பது. ஆளுக்கு ஒரு நோட்டு. அன்றைக்குச் செய்த தப்பு எதுவோ அதை எழுத வேண்டும். என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். முதல் வாரம் முப்பது நோட்டில் தப்பே இல்லை. அத்தனை பேரும் மகான்கள். விஷ்ணு மட்டும் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டிருந்தான். அவனுக்கு எட்டு மார்க் போட்டு, மற்றவர்களுக்கு மூன்று போட்டு, வகுப்பில் அவனைப் பாராட்டியும் பேசினேன். நண்பர்களே, நான் செய்த தப்பு அதுதான். இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

அடுத்த வாரம் பத்து 'பி' முழுக்கக் குற்றவாளிகள். சசி சார் ஸ்கூட்டரில் நாலு பேர் தனித்தனியாகக் காற்றைப் பிடுங்கியிருந்தார்கள். ஒருத்தி அத்தையின் வளையலைக் கரமனை ஆற்றில் எறிந்திருந்தாள். ஒரு நோட்டில், 'எங்கள் மாமாவைக் கிணற்றில் தள்ளிவிட்டேன், யாருக்கும் தெரியாது' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. எழுதிய பையனைத் தனியாகக் கூப்பிட்டு, மாமா இப்போது எங்கே என்று கேட்டேன். மாமாவே கிடையாதாம், அம்மாதான் அவர்கள் வீட்டுக்கு ஒரே பிள்ளையாம். எனக்குப் போன உயிர் திரும்பி வருவதற்குள் அவன் நோட்டை நீட்டினான்.

"எட்டு மார்க்குக்கு இது போதுமா சார், இன்னும் ஒரு ஆளைத் தள்ளணுமா?"

பதினொரு பேர் ஒடித்த கை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு எலும்புக்கூடு உண்டு. பிளாஸ்டர் பொம்மைதான். ஒரு புதன்கிழமை கடைசி பீரியடில் லேப் உதவியாளர் ஓமனச் சேச்சி, கூட்டின் கை ஒடிந்து கிடக்கிறது என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். பூனை தட்டியிருக்கும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் நோட்டுகளைப் பிரித்தேன். பதினொரு பேர் அந்தக் கையை ஒடித்திருந்தார்கள். ஒருவன் பந்து அடித்து, ஒருவன் கைகுலுக்கும்போது, விஷ்ணு, கூட்டோடு மல்லுக்கட்டி. பத்து நோட்டு படித்து முடிப்பதற்குள் எனக்குச் சலித்துவிட்டது. பதினோராவது ஜெபாவுடையது: 'கூட்டைத் துடைக்கும்போது கை ஒடிந்தது. அப்போது லேபில் யாரும் இல்லை. பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தப்பு.' இவளுமா என்று நினைத்தேன். பேனா தானாக மூன்று போட்டது. பதினொன்றுக்கும் அதே மூன்று. பக்கத்து நாற்காலியில் இருந்த சசி சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

"நிம்மதி சொல்லிக் குடுக்கிற ஆளுக்கு இப்படி ஒரு முகம்னா, கணக்கு சொல்லிக் குடுக்கிற நான் என்ன ஆவேன்?"

மேசைமேல் கிடந்தது

திங்கட்கிழமை நோட்டுகளை ஸ்டாஃப் ரூம் மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பூட்டவில்லை. திரும்பி வந்தபோது மேசை காலி. பிரசன்னா டீச்சர் நடத்தைக் கடிதத்துக்காக எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தார். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நான் கொடுத்த வாக்கு, அவர் மேசைமேல் அட்டை விரித்துக் கிடந்தது. நான் எதிரே நின்றேன். உட்காரச் சொன்னதும் காதில் விழவில்லை.

பத்துப் பேர் கதை எழுதியிருக்கிறார்கள், ஒருத்தி மட்டும்தான் நடந்ததை எழுதியிருக்கிறாள் என்றார் டீச்சர். எனக்கு நாலு நாளாகத் தெரியாத விஷயம் அவருக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கை ஒடிந்ததில் அவருக்கு வருத்தமில்லை; ஒடித்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததைத்தான் விட முடியாது என்றார். விடுதியில் பிள்ளைகளை நம்பித்தான் சாவி கொடுக்கிறார்கள், 'தவறை மறைத்தவள்' என்று எழுதாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று கேட்டார். அப்படி எழுதினால் வித்துரா கிடையாது, கொச்சிதான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஜெபாவின் நோட்டை என் பக்கம் திருப்பி, சிவப்பு மையில் இருந்த மூன்றின்மேல் விரலை வைத்தார்.

"பொய் எழுதினவனுக்கும் மூணு, நேர் எழுதினவளுக்கும் மூணு, நல்லா நோக்கித்தான் மார்க் போட்டிருக்கீங்க அல்லே சாரே?"

எந்தக் கை

விஷயம் எப்படிப் பரவிற்றோ, மத்தியான மணி அடித்ததும் பத்துப் பேர் டீச்சர் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். முன்னால் விஷ்ணு. ஜெபா ஒடிக்கவில்லை, நாங்கள்தான் ஒடித்தோம், நோட்டில் எழுதி சார் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம் என்றார்கள். மார்க்குக்காகப் பொய் எழுதின அதே பிள்ளைகள், இப்போது மார்க்கே வேண்டாம் என்று அதே பொய்யைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொய்யைப் பார்த்து நெஞ்சு நெகிழ்வதற்கு எந்த யோகத்தில் இடம் இருக்கிறது என்று தெரியவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒடிந்தது எந்தக் கை? ஐந்து பேர் வலது என்றார்கள். நாலு பேர் இடது. விஷ்ணு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டும் என்றான். ஜெபாவைக் கூப்பிட்டுக் கேட்டார். இடது கை, முட்டிக்குக் கீழே, மூன்று துண்டு, ஒரு துண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது என்றாள். ஓமனச் சேச்சி குனிந்து பார்த்து, அந்தத் துண்டைத் தூசியோடு எடுத்துக்கொண்டு வந்தார். காப்பாற்ற வந்தவர்கள் அவள்மேல் குற்றத்தை உறுதிப்படுத்திவிட்டுத் திரும்பி நடந்தார்கள். என்னைத் தாண்டும்போது விஷ்ணு நின்றான்.

"சரியான கை எதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம் சாரே."

வெள்ளை சிமெண்ட்

மறுநாள் ஞானராஜ் வந்தார். இந்த முறை ஓடி வரவில்லை. சலவைச் சட்டை போட்டு, நிதானமாக வந்தார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும், அந்த நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்று ஜெபாவே எடுத்துக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டி, மெதுவாக இரண்டு தரம் படித்தார். அந்த மூன்று எதற்கு என்று மகளிடம் கேட்டார். கையை ஒடித்ததற்கு சார் போட்ட தண்டனை, சாருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன், அதனால்தான் வேறு யாரிடமும் போய்ச் சொல்லவில்லை என்றாள். தண்டனை முடிந்துவிட்டது என்று அவள் நாலு நாள் நிம்மதியாக இருந்திருக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞானராஜ் யாரிடமும் சத்தம் போடவில்லை. அந்தக் கையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போய், வெள்ளை சிமெண்ட் குழைத்து, வராந்தாவில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தார். உறுதியான வேலை. ஒன்றே ஒன்றுதான், உள்ளங்கை முன்பக்கம் திரும்பி, கை லேசாக உயர்ந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் எலும்புக்கூடு, லேபுக்கு வருகிறவர்களை ஆசீர்வாதம் செய்துகொண்டுதான் நிற்கிறது. கரண்டியைக் கழுவி, பையில் வைத்துவிட்டு, டீச்சருக்கும் எனக்கும் பொதுவாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"எழுதச் சொன்னீங்க, எழுதிட்டா, படிச்சீங்க, மார்க்கும் போட்டீங்க, இதுக்கு மேல எம்மவ யாருகிட்டப் போயி சொல்லணும்?"

என் நோட்டு

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் நானும் ஒரு நோட்டு வாங்கினேன். மூன்று தப்பு எழுதினேன். ஒப்புக்கொண்டதற்கு மார்க் போட்டு, பிள்ளைகளைத் தப்பு தேடி அலைய வைத்தேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நோட்டுகளை மேசைமேல் போட்டுவிட்டுப் போனேன். வருஷம் முழுக்க ஒரு பொய் எழுதாத பெண் எழுதிய உண்மையைப் பொய் என்று நினைத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று மறுநாள் காலையில் அதைப் பிரசன்னா டீச்சரிடம் நீட்டினேன்.

டீச்சர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, அடியில் மூன்று என்று போட்டார். ஜெபாவுக்கு நீங்கள் போட்டதுதான் உங்களுக்கும் என்றார். நான் நோட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டார். வாயிப்பது என்றால் அவருடைய மலையாளத்தில் படிப்பது, எத்ர என்றால் எத்தனை. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சாரே, அடுத்த ஆளோட நோட்டைக் கேக்காம எடுத்து வாயிச்சதுக்கு எத்ர மார்க்?"

கடிதம்

நடத்தைக் கடிதம் எழுதும் நாள் வந்தது. ஜெபாவின் கடிதத்தை டீச்சர் என்னிடம் காட்டினார். 'இந்த மாணவி எங்கள் எலும்புக்கூட்டின் கையை ஒடித்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் எழுதிக் கொடுத்தாள். எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.' அவ்வளவுதான். முதல் வரியைப் படித்ததும் விடுதிக்காரர்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள், அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அது இல்லாமல் மற்ற இரண்டு வரியும் நிற்காது என்று சொல்லி, முத்திரை குத்தி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

ஐந்தாவது நியமம், செய்வதைச் செய்துவிட்டுப் பலனை மேலே விட்டுவிடுவது. அதை அந்த வெயில் காலத்தில்தான் நான் முதல்முறையாகப் படித்தேன். பள்ளி லீவு. கொச்சிக்குப் போக ஞானராஜ் சாமான்களைக் கட்ட ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் சாலைக் கடைத்தெருவில் காய் வாங்கும்போது ஜெபாவைப் பார்த்தேன். பதில் வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கேட்காமலே அவள் சொன்னாள்.

"பலனை விட்டாச்சு சார், ஆனா தினமும் தபால்காரரையே பாத்துக்கிட்டு நிக்கேன், அதுக்கு மார்க் குறைப்பீங்களா?"

வித்துராவிலிருந்து

இடம் கிடைத்தது. ஜெபா விடுதிக்குப் போய் மூன்றாம் நாள், விடுதிப் பொறுப்பாளர் அம்மா பள்ளிக்கு போன் பண்ணி, அந்தக் கடிதத்துக்குக் காரணமான யோகா சாரைக் கூப்பிடுங்கள் என்றார். கடிதத்தில் அந்த முதல் வரியைப் படித்துத்தான் இடம் கொடுத்தோம், நல்லவள் நல்லவள் என்று வந்த கடிதங்களுக்கு நடுவில் நம்பும்படியாக இருந்தது அது ஒன்றுதான் என்றார். நான் பெருமூச்சு விட்டேன். அவர் விடவில்லை. முதல் நாள் வாளியின் கைப்பிடி ஒடிந்தது என்று ஜெபா வந்து சொன்னாளாம். மறுநாள் தோழியின் குடைக்கம்பி. இன்றைக்குக் காலையில் அவர் எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு தப்பு, முகமெல்லாம் பளிச்சென்று.

"குளிக்கக்கூட விட மாட்டேங்குதுங்க, ஆரம்பிச்சு வச்ச நீங்களே இதை நிறுத்தறதுக்கும் ஒரு வழி சொல்லுங்க சார்."

முப்பத்தொரு பிள்ளைகளின் குணத்துக்கு ஒரு வருஷம் மார்க் போட்டுப் பார்த்ததில், எனக்குக் கிடைத்த மூன்று கொஞ்சம் தாராளமாகப் போட்டது என்பதை மட்டும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.